விலை அண்ணை

ஒட்டுசுட்டான் சந்தியில் செவ்வாய்க்கிழமை விடிய ஓட்டோ பிடிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஓட்டோ நிற்கும். ஓட்டுகிறவரும் இருப்பார், ஆனால் முன்னால் அல்ல, பின் சீற்றில், போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு. அமெரிக்காவில் திங்கள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் 'றோ' மல்யுத்த நிகழ்ச்சி, அங்கே குளிர்காலமென்றால் இங்கே செவ்வாய் காலை ஆறரைக்கும், அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளிய பிறகு ஐந்தரைக்கும் வந்து சேரும். முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள் என்று கொப்பியும் கையுமாக வந்து நிற்கும் ஆச்சி, "தம்பி, வெளிக்கிடுவமே?" என்பார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஆச்சி. உவன் இப்பதான் மைக்கைக் கையில எடுத்தவன்."

உவன் யாரென்று ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் மைக்கைக் கையில் எடுத்தவன் லேசில் விடமாட்டான் என்பதைக் கோயில் கூட்டங்களில் கண்டவர். பேசாமல் ஏறி இருந்துவிடுவார்.

சந்தியில் இவருக்குப் பெயர் 'விலை அண்ணை'. நெல் என்ன விலை, கச்சான் என்ன விலை என்று இவரிடம் கேட்டுப் பயனில்லை. இவர் விலை மதிப்பது ஆட்களை. அதுவும் உடம்பில் எண்ணெய் பூசி, பளபளக்கும் காற்சட்டையோடு கயிற்று வளையத்துக்குள் குதிக்கிற ஆட்களை. இப்படி ஒருவர் புதுக்குடியிருப்பில் இருக்கிறார், நெடுங்கேணியில் இருக்கிறார், ஸ்காபரோவில் தேடினால் ஒரு டசின் தேறும். கிரிக்கெட்டுக்கு இருக்கிற கற்பனை அணி விளையாட்டை மல்யுத்தத்துக்குக் கொண்டுவந்து, அதில் தன்னைத் தானே விலை மதிப்பீட்டாளராக நியமித்துக்கொண்ட இனம் இது.

விளையாட்டு இப்படித்தான். வருடப் பிறப்புக்குப் பிறகு, பலர் ஒவ்வொருவராக வளையத்துக்குள் வந்து கடைசியாக மிஞ்சுகிறவர் வெல்லும் 'றோயல் றம்பிள்' வருவதற்கு முன், விலை அண்ணை ஒரு சீஆர் கொப்பியில் மல்யுத்தக்காரர் பட்டியலையும் அவரவர் விலையையும் எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவார். எல்லோர் கையிலும் நூறு ரூபா, கற்பனைக் காசு. அதற்குள் ஐந்து பேரை வாங்க வேண்டும். வென்றால் பத்துப் புள்ளி, பட்டத்தைக் காப்பாற்றினால் இருபது, வளையத்துக்குள் காலை வைத்தாலே இரண்டு, றம்பிளில் ஒருவரைக் கயிற்றுக்கு மேலால் தூக்கி எறிந்தால் ஐந்து. கடைசியாக வருகிறவர் மற்றவர்களுக்குக் கொத்துரொட்டி வாங்கிக்கொடுக்க வேண்டும். கொத்து கற்பனை அல்ல. அதனால்தான் சண்டையும் கற்பனை அல்ல.

இந்தத் துறையில் எல்லோருக்கும் பாலர் வகுப்பு ட்ரம்ப் அட்டை. உயரம், எடை, நெஞ்சளவு, புயம், மோதிய சண்டை, வென்ற சண்டை என்று அச்சடித்த அந்த அட்டைகளை வைத்து விளையாடிய பெடியனுக்கு 'பிக் ஷோ' கிடைத்தால் லொத்தர் விழுந்த மாதிரி. எடை என்று சொன்னால் போதும், ஐந்நூறு இறாத்தலுக்கு முன்னால் எதிராளி அட்டையைக் குனிந்து கொடுத்துவிடுவான். 'றே மிஸ்டீரியோ' கிடைத்தவன் அழுவான். ஐந்தடி ஆறங்குலம், நூற்றெழுபத்தைந்து இறாத்தல். எதைச் சொன்னாலும் தோல்வி. அந்த மிஸ்டீரியோதான் 2006 றம்பிளில் இரண்டாவது ஆளாக உள்ளே போய், ஒரு மணித்தியாலத்துக்கு மேலே நின்று, கடைசி ஆளாக வென்றார். அதே வருடம் ஏப்ரலில் உலகப் பட்டத்தையும் எடுத்தார். கட்டாயம் ஓர் அட்டை அச்சகக்காரர் தலையில் கைவைத்திருப்பார்.

விலை அண்ணையின் முதல் பாடம் இதிலிருந்து பிறந்தது: "உடம்பைப் பாக்கிறவன் கொத்து வாங்கிக் குடுப்பான்." இரண்டாவது பாடமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பட்டத்தை வென்ற மிஸ்டீரியோவை அதன் பிறகு வாங்கியிருந்தால் நட்டம். சாம்பியனாக இருந்தபோதே பட்டம் பணயமில்லாத சண்டைகளில் அவரைப் பெரிய உடம்புகளிடம் அடிவாங்க வைத்தார்கள். இடுப்பில் தங்கம், கணக்கில் பூச்சியம்.

இந்த இடத்தில் வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற மாஸ்ரர் தலையை உயர்த்துவார். "உதெல்லாம் நடிப்பெல்லோ தம்பி? முதலே எழுதி வைச்ச முடிவுக்கு நீங்கள் என்ன கணிப்பு?"

விலை அண்ணை இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர். "நடிப்பெண்டு அவங்களே ஒப்புக்கொண்டவங்கள் சேர்!" என்று தொடங்குவார். உண்மைதான். 1989இல், விளையாட்டு ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டிலும் வரியிலும் இருந்து தப்புவதற்காக, இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று மல்யுத்தக் கம்பனியே நியூ ஜேர்சி மாநில செனட்டுக்குச் சொல்லிவிட்டது. "அப்ப முள்ளியவளையில விடிய விடியக் கோவலன் கூத்துப் பாக்கிற சனத்துக்குக் கோவலன் வெட்டுப்படுவான் எண்டு தெரியாதே? அங்கை ஆர் வெட்டுப்படுவினம் எண்டு ஊருக்கே தெரியும். இங்கை எழுதினவனுக்கு மட்டும் தெரியும். நான் சண்டைக்காரனைக் கணிக்கேல்ல சேர், எழுதிறவனைக் கணிக்கிறன்." மாஸ்ரர் பேப்பருக்குள் திரும்பப் போய்விடுவார். அடுத்த வாரமும் அதே கேள்வியோடு வருவார். அவருக்கும் பொழுது போக வேண்டும்.

எழுதுகிறவனைக் கணிப்பது என்று வந்தபின், அண்ணை அடுத்தவர் தலையில் கட்டத் துடிப்பது இரண்டு வகை ஆட்களை. முதல் வகை, வேலைக்கு வராத சாம்பியன். புரொக் லெஸ்னர் 2017 ஏப்ரலில் எடுத்த பட்டத்தை 504 நாள் வைத்திருந்தார்; ஆனால் அந்தப் பட்டத்தையும் அவரையும் திரையில் கண்ட வாரங்கள் குறைவு. றோமன் றெயின்ஸ் 1,316 நாள் சாம்பியன். கேட்க மலைப்பாக இருக்கும். நாற்பது ரூபா கொடுத்து வாங்கிய பெடியன் மாதக்கணக்காகப் புள்ளி வருமென்று பார்த்துக்கொண்டிருந்தான். அதே காலத்தில் வாராவாரம் வந்து அடிவாங்கித் தோற்கிற மூன்று ரூபா ஆட்கள், வளையத்துக்குள் கால் வைத்த புள்ளியாலேயே அவனைத் தாண்டிப் போனார்கள்.

இரண்டாவது வகையைச் சொல்லும்போது அண்ணையின் குரல் தணியும். ஊர்க்காரன். எந்த ஊரில் நிகழ்ச்சியோ அந்த ஊரில் பிறந்தவன். சனம் எழும்பி நின்று கூவும், தாய் தகப்பன் முன்வரிசையில் இருப்பார்கள், பெடியள் முழுப்பேரும் அவனையே வாங்குவார்கள். அவன் தோற்பான். 2022 செப்டெம்பரில் வேல்ஸின் கார்டிஃப் மைதானத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ட்ரூ மக்கின்டயர், முழு அரங்கமும் தன் பக்கம் நிற்க, றெயின்ஸிடம் தோற்றார். ஐந்து மாதம் கழித்து மொன்றியலில் அந்த மண்ணின் பிள்ளை சாமி ஸெயின் அதே றெயின்ஸிடம் தோற்றார்; மனைவி முன்வரிசையில். 2024 ஜூனில் மக்கின்டயரை உண்மையாகவே சொந்த நாட்டுக்கு, கிளாஸ்கோவுக்கே கொண்டுபோனார்கள். அங்கேயும் தோல்வி. நடுவர் உடுப்பில் வந்த சீஎம் பங்க் கெடுத்துவிட்டார். கார்டிஃபில் நாற்பத்தைந்து ரூபாவுக்கு வாங்கிச் சூடுபட்ட ஒருவன் கிளாஸ்கோவிலும் அதே ஆளை வாங்கினான். "இந்த முறை சொந்த ஊரண்ணை, விடமாட்டாங்கள்" என்று சொல்லி வாங்கினான். அண்ணை அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தாராம். பரிதாபத்துக்கு.

மலிந்த சரக்கை மோந்து பிடிப்பதில்தான் இந்த இனத்தின் பெருமை இருக்கிறது. ஜிந்தர் மஹால் இவர்களுக்கு வேதம். கனடாவின் கல்கரியில் பிறந்த பஞ்சாபிக்காரர். பாட்டுக் குழு வேஷம் போட்ட மூவரில் ஒருவராக வாராவாரம் அடிவாங்கி, 2014இல் வேலையால் நிறுத்தப்பட்டு, 2016இல் திரும்ப எடுக்கப்பட்டு, அதன் பிறகும் தோற்றுக்கொண்டிருந்தவர். 2017 ஏப்ரலில் திடீரென்று முன்வரிசைக்கு வந்தார். மே 21 அன்று ராண்டி ஓர்ட்டனை விழுத்தி உலகச் சாம்பியனானார். கம்பனி இந்தியச் சந்தையைப் பார்த்துவிட்டது என்று அப்போது எழுதாதவர் இல்லை. நவம்பரில் மஞ்செஸ்டரில் பட்டம் போனது; டிசம்பரில் டில்லிக்குக் கூட்டிப்போய், அங்கேயும் ட்ரிப்பிள் எச்சிடம் தோற்க வைத்தார்கள். ஊர்க்காரன் விதிக்கு வம்சாவளியும் சேர்த்தி போலும்.

"நான் அப்பவே ரெண்டு ரூபாவுக்கு எழுதி வைச்சனான்" என்று அண்ணை கொப்பியை விரிப்பார். எழுதித்தான் இருக்கிறது. பக்கத்தில் உள்ளதெல்லாம் நீல மை, மஹால் மட்டும் கறுப்பு மை. இந்த இனத்தில் எவருக்கும் பழைய கொப்பியில் ஒரு கறுப்பு மை வரி இருக்கும்.

அண்ணை உண்மையாகவே வாங்கி வென்ற சரக்கு கேர்ட் ஹோக்கின்ஸ். அவர் வரிசையாக 269 சண்டை தோற்றவர். ஒரு ரூபாவுக்குக் கூட எடுக்க ஆளில்லை. 2019இல் அண்ணை எடுத்தது தூரதிருஷ்டியால் அல்ல, நாலு பேரை வாங்கியபின் கையில் ஒரு ரூபா மட்டும் மிஞ்சியதால். ஏப்ரல் 7, வருடாந்தப் பெருநிகழ்ச்சியான றெஸில்மேனியாவின் முன்னோட்டத்தில், நியூயோர்க்குக்குப் பக்கத்தில், நியூயோர்க்காரரான ஹோக்கின்ஸ் தன் கூட்டாளியோடு இரட்டையர் பட்டத்தை வென்றார். இங்கே அப்போது திங்கள் அதிகாலை, விடிய இன்னும் நேரமிருந்தது, அண்ணையும் நித்திரை. விடிந்து பார்த்தால் முதலாமிடம். ஊர்க்காரன் தோற்பான் என்ற விதி உடைந்ததைப் பற்றி எவரும் கேட்கவில்லை, அண்ணையும் நினைவுபடுத்தவில்லை.

இந்தக் கலைக்கு ஒரு கறுப்புக் காலமும் உண்டு. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீடுகளுக்குக் கரண்டும் டிஷ்ஷும் வந்து சேர்ந்த வருடங்களில், 'ஸ்மாக்டவுன்' செவ்வாய்க்கிழமை பதிவாகி வெள்ளிக்கிழமைதான் அமெரிக்காவிலேயே ஒளிபரப்பாகும். சந்தியில் முதன்முதலாக டேட்டா போட்ட போன் வாங்கிய ஒருவர், சனிக்கிழமை முடிவுகளை வியாழனே பிசகில்லாமல் சொல்லத் தொடங்கினார். அவருக்குத் தெய்வ அருள் வந்துவிட்டதென்று பெடியள் பின்னால் திரிந்தார்கள். பிறகு எல்லோரும் போன் வாங்கினார்கள், அருள் இறங்கிவிட்டது. 2016 ஜூலையில் ஸ்மாக்டவுனே நேரடி ஒளிபரப்புக்கு மாறியபோது அந்த மனிதர் கணிப்புத் தொழிலை விட்டு கோழி வளர்க்கப் போனார்.

எல்லாரையும் எடை போடுகிற அண்ணையின் தராசில் ஒரேயொரு ஆளுக்குக் கல் வேறு. அண்டர்டேக்கர். ட்ரம்ப் அட்டை நாளில் தொடங்கிய பக்தி. 2014 றெஸில்மேனியாவுக்கு முன் அண்டர்டேக்கர் அந்த மேடையில் 21 முறை மோதி 21 முறையும் வென்றிருந்தார். பெரிய உடம்பு, கனத்த வயது, வருடத்துக்கொரு சண்டை. அண்ணையின் சொந்தப் பாடங்களின்படி தொடக்கூடாத சரக்கு. அண்ணை எழுபது ரூபா கொட்டினார். ஏப்ரல் 7 விடிய, லெஸ்னர் அவரை மூன்று எண்ணும் வரை அமுக்கி வைத்திருந்தார். நியூ ஓர்லியன்ஸ் அரங்கில் வாயைப் பிளந்தபடி இருந்த ஒரு ரசிகரின் முகம் உலகெல்லாம் சுற்றியது. ஒட்டுசுட்டானில் இருந்த இன்னொரு முகத்தை யாரும் படமெடுக்கவில்லை. அன்று பகல் முழுக்க அண்ணையின் ஓட்டோ ஹயருக்குப் போகவில்லை என்றும், கேட்டவர்களுக்கு "பற்றரி டவுண்" என்று சொன்னார் என்றும் சாட்சிகள் உண்டு.

2025 பெப்ரவரி முதல் ஞாயிறு காலை வந்தது இன்னொரு அடி. ஜோன் சீனாவின் கடைசி வருடம், கடைசி றம்பிள். எழுதுகிறவன் அவருக்குத்தான் கொடுப்பான் என்று அண்ணை விளங்கப்படுத்த, வட்ஸ்அப் முழுக்கச் சீனா. தம்பியைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட வந்த ஏ.எல். படிக்கிற பெட்டை ஒருத்தி மட்டும், எட்டு ரூபாவுக்கு ஜே உசோவைக் கேட்டாள். ஏன் என்றதற்கு, "அந்தாள் வரேக்க சனம் முழுக்கக் கையை ஆட்டுது. மற்ற ஆருக்கும் அப்பிடி ஆட்டேல்ல" என்றாள். உசோ கடைசியாகச் சீனாவையே வெளியே தள்ளி வென்றார்.

அண்ணை அவசர அவசரமாக உசோவின் விலையை முப்பத்தெட்டாக்கினார். ஏப்ரலில் உசோ குந்தரை வென்று உலகச் சாம்பியனானதும் நாற்பத்தைந்து. பெட்டை அன்றைக்கே விற்றுவிட்டாள். ஜூனில் அதே குந்தர் பட்டத்தைத் திருப்பி எடுத்தபோது உசோ அண்ணையின் அணியில் இருந்தார்.

"எப்பிடியடி பிள்ளை தெரியும்?"

"எனக்கெங்கையண்ணை தெரியும்? நீங்கள் வாங்கப்போறியள் எண்டு தம்பி சொன்னவன். உடன வித்திட்டன். கொத்து எனக்கு முட்டை வேண்டாம், கோழி."