ஸ்பேனர் பெருக்கம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

பட்டறைக் கருவிகள் ஏதாவது பொருள் செய்வதற்காக உண்டானவை என்பது பாமரர் கொள்கை. கோயம்புத்தூர் வீடுகளின் போர்ட்டிகோ, மாடிப்படி அடி, மொட்டைமாடித் தகரக் கொட்டகை ஆகிய இடங்களில் நடத்திய களப்பணி இக்கொள்கையை அடியோடு மறுக்கிறது. கருவி பிறப்பது இன்னொரு கருவியைப் பிறப்பிப்பதற்காகவே. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்கு எவரும் நிதி தரவில்லை. காபி மட்டும் கிடைத்தது. அதுவும் ஆய்வுக்கு உட்பட்டவர்கள் தந்ததல்ல, அவர்களுடைய வீட்டம்மாக்கள் தந்தது.

முதலில் வரையறை. வேலை வந்த பிறகு கருவி வாங்குபவர் மெக்கானிக். அவர் நம் ஆய்வு எல்லைக்குள் வரமாட்டார். கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குத் தோதாக எங்கேயாவது எதுவாவது பழுதாகாதா என்று தெருவைப் பார்த்து நிற்கிறாரே, அவர்தான் நம் ஆள். ஊரார் இவரை மரை கழன்றவர் என்பார்கள். 'விட்வொர்த் மரையா, மெட்ரிக் மரையா?' என்று அவர் திருப்பிக் கேட்டால் நோய் முற்றிவிட்டது என்று கொள்க.

கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஜோசப் விட்வொர்த் 1841-ல் மரையின் கோணம் 55 பாகை என்று வகுத்தார். மெட்ரிக் மரைக்கு அது 60. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மாற்றிப் போட்டால் நட்டு இரண்டு சுற்று ஏறிவிட்டு முரண்டு பிடிக்கும். ஆகவே டேப், டை இரண்டு செட் வேண்டும். ஸ்பேனரும் தனி, ஏனென்றால் விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலமே அல்ல, போல்ட்டின் விட்டம். இந்தக் காலத்தில் விட்வொர்த் எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். யாராவது பழைய புல்லட்டை உருட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்பார். இதுவரை யாரும் வரவில்லை. வந்தால் தயாராக இருக்கிறார்.

இனி தலைப்புக்கு வருவோம். கடையில் கிடைக்கும் எட்டு ஸ்பேனர் செட் 6-7-ல் தொடங்கி 8-9, 10-11, 12-13 என்று ஏறி 20-22-ல் முடியும். நம்மூர் பைக்குகளுக்குப் பெரும்பாலும் போதுமானவை 10, 12, 14, 17. ஒர்க்‌ஷாப்பில் புழங்கும் 10-11 ஸ்பேனரைக் கையில் வாங்கிப் பாருங்கள்: 10 முனை மூளியாகி வாய் அகன்றிருக்கும், 11 முனை கடையிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கும். நம் ஆளின் ஸ்பேனரில் இரண்டு முனையும் ஒரே மாதிரி பளபளக்கும். ஒருவரைச் சேர்ப்பாளர் என்று உறுதிப்படுத்த இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

தொலைவது எப்போதும் 10-11 தான். உதிரியாக ஒன்று வாங்கினால் கதை முடிந்தது. கடைக்காரரும் எடுத்துக் காட்டுகிறார். ஆனால் பழைய ஏழோடு புதியது ஒன்று நின்றால் நிறம் ஒத்துவராது என்று நம் ஆள் முழு செட்டாக வாங்கிவிடுகிறார். மறுவாரம் தொலைந்தது பைக் சீட்டுக்கு அடியிலேயே கிடைக்கிறது. ஒரு ஸ்பேனர் தொலைந்தால் எட்டு ஸ்பேனர் பிறக்கும்: இதை ஸ்பேனர் பெருக்கத்தின் முதல் விதி என்கிறோம். இரண்டாம் விதியை இன்னும் வகுக்கவில்லை. முதல் விதியே வீட்டில் போதிய இடத்தை அடைத்துவிட்டது.

ஸ்பேனராவது அலமாரியோடு நிற்கும். லேத் வந்துவிட்டால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி, சீர் செய்து மாளாது. மேசைமேல் வைக்கும் சின்ன லேத்தே 40 கிலோ இருக்கும். கூட வரும் மூன்று தாடை சக்கில் உருண்டையானதைப் பிடிக்கலாம். கோணல்மாணலானதைப் பிடிக்க நான்கு தாடை சக் வேண்டும். டூல் மழுங்கினால் தீட்டுவதற்கு பெஞ்ச் கிரைண்டர். கிரைண்டர் கல் வழவழத்துப்போனால் அதைச் சீவி எடுக்க வைர டிரெஸ்ஸர். இவ்வளவும் ஆன பிறகு அந்த லேத்தில் முதன்முதலாகக் கடையப்படுவது என்ன தெரியுமா? லேத்துக்கே ஒரு கைப்பிடி.

இதற்கு உலக அளவில் சான்று உண்டு. டேவ் கிஞ்சரி என்ற அமெரிக்கர் 1980-களில் பழைய உலோகத்தைக் கொண்டே வீட்டில் பட்டறை அமைப்பது பற்றி ஏழு பாகமாக எழுதினார். முதல் பாகத்தில் கரி உலை கட்டி அலுமினியம் உருக்க வேண்டும். அந்த வார்ப்பில் லேத். லேத்தின் உதவியால் ஷேப்பர், பிறகு மில்லிங் மிஷின், டிரில்லிங் மிஷின் என்று போய்த் தகடு வளைக்கும் கருவியில் முடியும். ஏழு பாகமும் பட்டறைக்குப் பட்டறை செய்யும் பணியே. நம் கருதுகோளை இவ்வளவு ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டவர் வேறில்லை.

சுவீடனில் எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கி ஆலையில் இருந்த ஜோஹான்சன் இன்னும் ஒரு படி மேல். 1896-ல் அவருக்கு உதித்த யோசனை அளவுக் கட்டைகள்: 102 கட்டைகளை மாற்றி மாற்றி ஒட்டி அடுக்கினால் 20,000 அளவுகள் கிடைக்கும். அவற்றை வீட்டில் சாணை பிடிக்க அவர் மாற்றியமைத்தது மனைவியின் தையல் மிஷினை. கட்டைகள் இன்றும் ஜோஹான்சன் பெயரால் வழங்குகின்றன. மிஷின் கொடுத்த அம்மாள் பெயரால் ஒரு கட்டைகூட இல்லை.

உள்ளூர் மரபுக்கு முன்னோடி ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்து, மறுபடி பூட்டினார் என்று இங்கே குழந்தையும் சொல்லும். அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வோர் முதல் பாதியை நன்றாகவே செய்கிறார்கள். மறுபாதி சாக்குப்பையில் இருக்கிறது.

இத்துறையின் சிக்கலான பகுதி, உக்கடம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பெஞ்ச் வைஸை வீட்டுக்குள் கொண்டுசேர்ப்பது. "ஏனுங்க, இது புதுசுங்களா?" என்ற கேள்விக்கு "இதா? இது ரொம்பப் பழசாச்சே" என்பதே ஆய்வில் அதிகம் பதிவான விடை. பழைய இரும்புக் கடைச் சரக்கு என்பதால் இதில் பொய்யும் இல்லை. கருவியியலும் தர்க்கவியலும் சந்திக்கும் அபூர்வமான இடம் இது.

எதிர்த்தரப்பை மறைப்பது ஆய்வு நெறியாகாது. அதே வீட்டு அடுக்களையில் ஒரே ஓர் இடுக்கி பால் சட்டி முதல் குழம்புச் சட்டி வரை இறக்குகிறது. டப்பா மூடியைக் கரண்டிக் காம்பு நெம்புகிறது; மிக்சியின் அடி ஸ்க்ரூவைக் கத்தி முனை கழற்றுகிறது. கொட்டகையில் உள்ள பதினெட்டுத் திருப்புளிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கலாமே என்றோம். "கேட்டா, எதுக்கு எந்த அளவுன்னு அரை மணி நேரம் பாடம் நடக்குமுங்க" என்றார் அந்த அம்மாள். இந்தக் கோணத்தில் தனி ஆய்வு தேவை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உகந்த நாள் ஆயுத பூஜை. மறைவிலிருந்ததெல்லாம் வெளியே வந்து, எண்ணெய் துடைக்கப்பட்டு, சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் அமர்கிறது. ஒரே அளவில் மூன்று சுத்தியல் இருப்பது வீட்டாருக்குத் தெரியவருவதும் பொரிகடலை வைக்கும்போதுதான். அன்று கருவிகளுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பது மரபு. இதைக் கடைப்பிடிப்பதில் நம் ஆய்வுக்கு உட்பட்டவர்களை மிஞ்ச ஆளில்லை. வருஷம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள்.