பழைய ஜெயிலில் ஆன்மிகம் பிடிப்பது எப்படி?

கருவேப்பிலங்குறிச்சியில் பஸ் ஏறி விருத்தாசலம் போய், விருத்தகிரீஸ்வரர் கோயிலின் ஐந்து கோபுரங்களையும் படம் எடுத்தாயிற்று. ஆழத்துப் பிள்ளையாரை எடுக்கப் படியிறங்கிக் குருக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆயிற்று. பீங்கான் சூளையின் புகைபோக்கியை ‘காலத்தின் விரல்’ என்று போட்டீர்கள், லைக் குவிந்தது. இந்தத் திறமைக்கு இனி கோயில் போதாது. பழைய சிறைக்குக் கிளம்புங்கள்.

1. பக்கத்தில் இருக்கிறதே என்று கடலூருக்குப் போகாதீர்கள். 1918 நவம்பர் 20-ல் கைதான பாரதியார் டிசம்பர் 14 வரை கடலூர்ச் சிறையில்தான் இருந்தார், வாஸ்தவம். ஆனால் கேப்பர் மலை மத்திய சிறையில் இன்றும் கைதிகள் இருக்கிறார்கள். உள்ளே ஆள் இருக்கிற ஜெயிலில் ஆன்மிகம் விழாது. மனு பார்க்க மஞ்சள் பையோடு வெயிலில் நிற்கும் பெண்கள் ஃப்ரேமுக்குள் வந்துவிடுவார்கள். கேமராவோடு உங்களையும் உள்ளே விடமாட்டார்கள்.

2. காலியான ஜெயிலாகப் பாருங்கள். 1837-ல் கட்டிய சென்னை மத்திய சிறையை 2009-ல் இடித்துவிட்டார்கள். போகட்டும். எல்.டி.சி. பயணச் சலுகை போட்டு அந்தமான் செல்லுலார் சிறைக்குப் போங்கள். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது, வராந்தா முழுக்க வளைவு வளைவாக இருக்கும்.

3. நடுக்கோபுரத்தில் ஏறுங்கள். அங்கிருந்து ஏழு கிளைகள் பிரிந்தன. ‘ஏழிதழ்த் தாமரை’ என்று தலைப்பு வையுங்கள். இப்போது இருப்பவை மூன்றே இதழ்கள்தான். மிச்சத்தை எடிட்டிங்கில் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பது, கைதிகள் ஒருவரையொருவர் பார்க்கவே கூடாது என்பதற்காக. நடுவில் நிற்கும் காவலருக்கு மட்டும் எல்லாப் பக்கமும் தெரியும். தலைப்பில் இதைச் சேர்க்க வேண்டாம்.

4. வெளிச்சத்துக்கு அறைக்குள் போங்கள். பதின்மூன்றரை அடி நீளம், ஏழடி அகலம். பின்சுவரில் பத்தடி உயரத்தில் ஒரு காற்றுத்துளை. கைதிக்கு வெளியே ஒன்றும் தெரியக் கூடாதென்று அவ்வளவு உயரத்தில் வைத்தது உங்களுக்கு எவ்வளவு தோதாகப் போயிற்று பாருங்கள், ஒளி சாய்வாக இறங்குகிறது. வீட்டுக்காரம்மாவைக் கீழே பத்மாசனத்தில் உட்கார வையுங்கள். ஊதுவத்தி இருந்தால் கொளுத்துங்கள், யாராவது அணைக்கச் சொல்வதற்குள் எடுத்துவிடலாம். புழுக்கத்தில் அவர் முகம் சுளித்தால் அதுவும் தவம்தான்.

சிறை வெளிச்சத்தில் ஆன்மிகம் தேடுவது ஒன்றும் நம் கண்டுபிடிப்பு அல்ல. 1829-ல் ஃபிலடெல்ஃபியாவில் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறையில், தனிமையில் விட்டால் மனம் திருந்தும் என்ற பக்தியோடு, அறைக் கூரையில் ஒரு திறப்பு வைத்தார்கள். அதற்குக் ‘கடவுளின் கண்’ என்று பெயர். 1842-ல் அங்கே போன சார்ல்ஸ் டிக்கன்ஸ், உடம்பை வதைப்பதைவிட இந்தத் தனிமை கொடுமை என்று எழுதிவிட்டார். இப்படிப்பட்ட ஆட்களை டூரில் சேர்க்காதீர்கள்.

5. செல்லுலார் அறைத் தாழ்ப்பாளை மட்டும் எடுக்காதீர்கள். இரும்புத் தண்டு கதவைத் தாண்டி நீண்டு, சுவருக்குள் குடைந்த ஒரு மாடத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். கம்பிக்கு வெளியே கையை எவ்வளவு நீட்டினாலும் உள்ளே இருப்பவனுக்கு எட்டாது. உட்கார்ந்து, அளந்து, யோசித்துச் செய்த வேலை. அதைப் பார்த்தவன் அப்புறம் வளைவுகளைப் பார்க்கமாட்டான்.

6. யாராவது முணுமுணுத்தால் அரவிந்தரை இழுங்கள். 1908 மே முதல் ஓராண்டு அலிப்பூர்ச் சிறையில் இருந்தவர், சிறைச்சுவரிலும் கம்பியிலும் வாசுதேவனைக் கண்டதாக 1909-ல் உத்தரபாராவில் பேசினார். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதே மனிதர் தன் சிறைக் கதையில், ஒன்பதடி நீளமும் ஐந்தாறடி அகலமும் உள்ள, ஜன்னலில்லாத அறையைப் பற்றி எழுதியிருக்கிறார். கால் கழுவவும் குளிக்கவும் குடிக்கவும் பருப்பு வாங்கவும் ஒரே கிண்ணம் என்று கிண்டலும் அடித்திருக்கிறார். அந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். கிண்ணத்துக்கு லைக் விழாது.

7. செக்கோடு செல்ஃபி கட்டாயம். ‘கர்மயோகம்’ என்று போடுங்கள். அந்தமான் கைதிகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும், குறைந்தால் தண்டனை. மாடு இழுக்க வேண்டியதை மனிதன் இழுத்த கணக்கு அது. விமானச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குக் கோவை மத்திய சிறை வளாகத்தில் வ.உ.சி. இழுத்த செக்கு இருக்கிறது. சிரித்துக்கொண்டே நில்லுங்கள், பல் தெரியட்டும்.

8. பெயர்ப் பலகைகளை வெட்டிவிடுங்கள். எழுத்து இருந்தால் கண் அதில்தான் போகும். மகாவீர் சிங், மோகித் மொய்த்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் என்று ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினால் பொழுது போய்விடும். 1933-ல் இந்தச் சிறையில் நடந்த உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டியதில் செத்தவர்கள் இவர்கள். மகாவீர் சிங்கின் உடலைக் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள்.

9. கடைசிப் படம் அந்தக் கடல்தான், மொட்டைமாடியிலிருந்து. அந்தமானில் மாலையில் முன்னதாகவே இருட்டிவிடும். சீக்கிரம் ஏறுங்கள்.