தாய்மாமன் எந்தக் கட்டத்தில்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாண பேனரை இனி கம்ப்யூட்டரே வடிவமைத்துவிடும் என்கிறார்களே, கடையை மூடிவிடலாமா?
– வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு ஷட்டரை இறக்காதீர்கள். பி.வி.சி. ஃபிளெக்ஸுக்குக் கேரள அரசு 2019-இல் தடை போட்டபோதே துணிக்கு மாறிப் பிழைத்த தொழில் இது!

அதே 2019-இல் வந்த 'லேஅவுட்கான்' போன்ற செயற்கை நுண்ணறிவு மாடல்கள் படம் வரைவதில்லை. தலைப்பு எங்கே, படம் எங்கே, அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று கட்டங்களை அடுக்கும், அவ்வளவுதான். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், ஓரம் பிசகாமல் வைக்கப் பழகியிருக்கும். ஆனால் இவ்வகை மாடல்கள் பலவும் படித்த பாடம் என்ன? ஐபிஎம் ஆய்வாளர்கள் உருவாக்கிய 'பப்லேநெட்' என்ற பயிற்சித் தொகுப்பில் 3,60,000-க்கும் மேற்பட்ட பக்கங்கள் உண்டு. அத்தனையும் மருத்துவ, உயிரியல் ஆய்விதழ்களிலிருந்து எடுத்தவை. தாய்மாமன் படம் மருந்துக்கும் கிடையாது.

உங்கள் ஊர் பேனரிலோ மேலே பிள்ளையார், நடுவே மணமக்கள், கீழே தமிழிலும் மலையாளத்திலும் அழைப்பு, ஓரமெல்லாம் சொந்தபந்தம். பெரியப்பா தலையைவிடச் சித்தப்பா தலை அரை இஞ்ச் பெருத்துவிட்டால் பந்தியில் என்ன நடக்கும்? கட்டத்தின் அளவு அந்த மாடலுக்குத் தெரியும், கோபத்தின் அளவு உங்களுக்குத்தான் தெரியும்.

கட்டம் போடுவதை அதனிடம் விட்டுவிடுங்கள். உறவுக்காரர்களை உட்காரவைக்கத் தனி ரேட் போடுங்கள். அட்வான்ஸாக வாங்கிவிடுங்கள்.