சீமையிலிருந்து பெரியப்பாவுக்கு

லண்டன்
30-11-2025

அன்புள்ள பெரியப்பா அவர்களுக்கு,



தாங்கள் கைப்பட எழுதிய கடிதம் சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. கண்மாய் நிறைந்ததையும், பைரவர் கோயில் வாசலில் கார்கள் ஒதுங்க இடமில்லாமல் நிற்பதையும், பெரியம்மாவின் முழங்கால் வலிக்குப் புதுக்கோட்டை வைத்தியர் சொன்ன பத்தியத்தையும் மூன்றரைப் பக்கத்துக்கு விஸ்தாரமாக எழுதிவிட்டு, கையெழுத்துப் போடுவதற்குச் சற்று முன்னால், போகிற போக்கில் கேட்பது போலத் தாங்கள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். “சென்னைச் சர்வகலாசாலையில் 1947ஆம் வருஷத்திலேயே பத்திரிகைத் தொழிலைப் பாடமாக வைத்துவிட்டார்கள். அதைப் படிக்க உன் அப்பன் வீட்டுப் பத்திரத்தைப் பாங்கில் வைத்து உன்னைச் சீமைக்கு அனுப்ப வேண்டிய அவசியம் என்ன? கடைத்தெருவில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்லட்டும்?”

பழமையை ஆதாரமாகக் காட்டி இக்கேள்வியிலிருந்து தப்பிக்க எனக்கு வழியில்லை. லண்டன் சர்வகலாசாலை 1919இல் பத்திரிகைத் தொழிலுக்கென்று ஒரு டிப்ளமோ ஏற்படுத்தி, 1939இல் யுத்தம் வந்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டது. ஊடகவியல் என்ற பெயரில் இந்நாட்டில் பட்டப்படிப்பு தோன்றியது 1975இல்தான். அதுவும் அன்று பாலிடெக்னிக் என்ற அந்தஸ்திலேயே இருந்த ஒரு ஸ்தாபனத்தில். இடைக்காலத்தில் சென்னை முந்திக்கொண்டது என்பது வாஸ்தவம். எனவே வேறு விதமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

முதலில், அப்பத்தா தெரு முழுவதும் சொல்லி வைத்திருக்கிறபடி “லண்டன் டிவியில்” என் முகம் தெரியப்போவது இப்போதைக்கு இல்லை. முகம் தெரிவது ஒருபுறம் கிடக்கட்டும். அந்த டிவியைப் பார்ப்பதற்கே எனக்கு இன்னும் பாத்தியதை ஏற்படவில்லை. இந்தத் தேசத்தில் தொலைக்காட்சி பார்ப்பதற்கு லைசென்ஸ் வேண்டும். தாங்கள் சிரிக்கமாட்டீர்கள், தாத்தாவின் மர்ஃபி ரேடியோவுக்காக வருஷந்தோறும் தபாலாபீசில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்த பிள்ளை தாங்கள்தானே. நம் சர்க்கார் அந்த வழக்கத்தை 1980களில் கைவிட்டுவிட்டது. இவர்களோ 1922இல் வானொலிக்கு 10 ஷில்லிங் என்று ஆரம்பித்து, 1946இல் தொலைக்காட்சிக்கும் சேர்த்து 2 பவுண்டு என்று உயர்த்தி, 1971இல் வானொலியை மட்டும் மன்னித்து விட்டுவிட்டு, தொலைக்காட்சிக்கு மட்டும் இவ்வருஷம் ஏப்ரலிலிருந்து 174.50 பவுண்டு, அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 20,000 ரூபாய், வசூலிக்கிறார்கள். பிபிசி விளம்பரமின்றி நடப்பது பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் ஆகையால், கொள்கையளவில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. பரீட்சையிலும் அப்படியே எழுதுவதாக உத்தேசம்.

என் ஆட்சேபணையெல்லாம் நுணுக்கங்களில்தான். கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவர் 58.50 பவுண்டு கட்டினால் போதுமாம். ஆகவே மிச்சமுள்ள 116 பவுண்டும் வர்ணத்துக்கான விலை என்று கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சாலிடேர் பெட்டியை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடிந்தால் பெரிய லாபம். கண் பார்வை இழந்தவருக்குப் பாதிக் கட்டணம் என்கிறார்கள். காதால் மட்டும் கேட்பதற்கு ஒன்றும் வேண்டாம் என்று 1971இல் இவர்களே தீர்மானித்திருக்க, காதால் மட்டும் கேட்கக்கூடிய ஒருவரிடம் பாதி வாங்குவது எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்த்தி என்று நான் வகுப்பில் கேட்டேன். அது நல்ல கேள்வி என்று ஆசிரியை சொன்னார். இங்கே ஒரு கேள்விக்குப் பதில் இல்லை என்பதை அவ்விதம்தான் சொல்வார்கள்.

எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது மாணாக்கர்களுக்கென்று அளித்திருக்கும் சலுகை. பெற்றோர் வீட்டில் லைசென்ஸ் இருக்குமானால், வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளை தனியாக ஒன்று வாங்காமலே நேரலை நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். ஆனால் அவன் பார்க்கும் கருவி தன்னுள்ளே இருக்கும் பாட்டரியினால் மட்டுமே இயங்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் சுவரிலுள்ள மின்சாரத்தோடு அதற்கு எவ்விதச் சம்பந்தமும் இருக்கலாகாது. பெற்றோர் வீடு இந்நாட்டு எல்லைக்குள் இருந்தாக வேண்டுமாதலால், நம் ஊரான திருமயத்தில் அப்பா மாதாமாதம் டிஷ்ஷுக்குக் கட்டும் பணம் எனக்கு உதவாது. இங்கே எங்கள் வீட்டில் குடியிருக்கும் யார்க்‌ஷயர்ப் பையன் ஒருவனுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது. சென்ற புதன்கிழமை பார்லிமெண்டில் பட்ஜெட் வாசித்தார்கள். அது எவ்விதம் நேரலையாக ஒளிபரப்பப்பட்டது என்பதை ஆராய்ந்து எழுதிவரும்படி எங்களுக்கு உத்தரவு. பையன் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். நாங்கள் அவன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டோம். வரி விதிப்பு முடிந்து எதிர்க்கட்சியார் எழுந்திருக்கும் சமயத்தில் பாட்டரி சிவப்பைக் காட்டத் தொடங்கியது. சார்ஜரைச் செருகினால் 1,000 பவுண்டு வரையில் அபராதம். செருகாவிட்டால் வீட்டுப்பாடம் போய்விடும். அவன் கண்ணியமான குடும்பத்துப் பிள்ளை. திரையின் வெளிச்சத்தைச் சிறிது குறைத்தான், பிறகு இன்னும் சிறிது குறைத்தான், வர்ணங்கள் போயின, பிறகு உருவங்களும் போயின, கடைசியில் இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆக, முடிவில் நாங்கள் அநுபவித்தது வானொலிதான். அதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.

இது போதாதென்று, அவ்வப்போது எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. அதில் பெயர் இராது. “இவ்விலாசத்தில் சட்டப்படி குடியிருப்பவருக்கு” என்று மட்டும் இருக்கும். அந்தச் சட்டப்படியான மனிதர் தம்மைத் தவிர மற்றொருவர் என்றே எங்களில் ஒவ்வொருவரும் கருதுவதால், கடிதங்கள் பிரிக்கப்படாமல் சமையலறை ஜன்னலில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. விசாவில் உள்ள என் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், சட்டப்படி என்பதில் எனக்கே ஒரு சந்தேகம் எழுகிறது.

இனி, தாங்கள் சந்தோஷப்படக்கூடிய ஒரு விஷயம். முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரைப் பற்றிச் சில வார்த்தை சொல்ல வேண்டும் என்றார்கள். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டையைச் சொன்னேன். ஜனங்கள் அதை ஊமையன் கோட்டை என்று வழங்குவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஊமைத்துரை யார், அவர் எவரோடு போராடினார் என்பதையெல்லாம் எடுத்துரைப்பதற்குள்ளாகவே, வாய் பேசாதவர் பெயரால் கோட்டை உள்ள ஊரிலிருந்து ஒருவன் வெகுஜனத் தொடர்பு படிக்க வந்திருக்கிறானே என்று வகுப்பு முழுவதும் சிரித்துவிட்டது. விடுவேனா? தீரர் சத்தியமூர்த்தியை எடுத்தேன். 1887இல் எங்கள் ஊரில் பிறந்தவர் அவர். 1919இல் காங்கிரஸ் தூதுகோஷ்டியில் ஒருவராக இதே லண்டனுக்கு வந்து, இங்கே இருந்த காலத்தில் ‘ஹிந்து’ பத்திரிகையின் லண்டன் நிருபராகவும் வேலை பார்த்தவர். “நீங்கள் பத்திரிகைத் தொழிலுக்கு முதன்முதலாக டிப்ளமோ வைத்த வருஷத்தில், அந்த டிப்ளமோ இல்லாமலே அந்தத் தொழிலை எங்கள் ஊர்க்காரர் உங்கள் ஊரில் நடத்திக்கொண்டிருந்தார்” என்று சொன்னேன். ராஜாஜி முதலானோர் சினிமாவைக் கண்டு முகம் சுளித்த காலத்தில், சத்தியமூர்த்தி தாமே சுகுண விலாச சபை மேடையில் வேஷம் கட்டியதையும், 1937 தேர்தலில் கே.பி. சுந்தராம்பாளைப் பிரசாரத்துக்கு அழைத்து வந்ததையும், தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபைக்குத் தலைமை வகித்ததையும் சொல்லி, தியடோர் பாஸ்கரன் 1981இல் இங்கிலீஷில் எழுதிய ஆராய்ச்சி நூலின் பெயரையும் சொல்லி முடித்தபோது, ஆசிரியை அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார். அன்று மாலை ரயிலில் நான் சற்று நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

அந்த ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே சுரங்க ரயில் நிலையங்களில் காலையில் ஒரு தினசரியை அடுக்கி வைத்திருக்கிறார்கள், 1999இலிருந்து இலவசம். ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், புதுக்கோட்டை பஸ்ஸில் கேட்கிற மாதிரி மிகவும் சகஜமாக, நடுப்பக்கத்தை மட்டும் கொடுங்கள் என்று கை நீட்டினேன். அவர் என்னையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பத்திரிகை முழுவதையும் என் மடியில் வைத்து, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, வேறு பெட்டிக்குப் போய்விட்டார். நூறு பேர் ஒரே செய்தியைப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டியில் அச்செய்தியைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. நம் ஊர்ப் பஸ்ஸாக இருந்தால் அடுத்த நிறுத்தத்துக்குள் மந்திரிசபையே கவிழ்ந்திருக்கும்.

படிப்புக்கு வருகிறேன். 1940ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல் நடந்த சமயம், பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற பண்டிதரும் அவருடைய சகாக்களும் ஓஹையோ மாகாணத்தில் ஈரி என்ற ஜில்லாவுக்குப் போய், பத்திரிகையும் வானொலியும் ஜனங்களின் ஓட்டை எவ்விதம் மாற்றுகின்றன என்று மாதக்கணக்கில் வீடு வீடாக விசாரித்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தபடி ஒன்றும் அகப்படவில்லை. ஜனங்கள் பத்திரிகை சொன்னதைக் கேட்டு மாறவில்லை; பத்திரிகை படிக்கிற ஒருவர் அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டுத்தான் மாறினார்கள். செய்தி முதலில் அத்தகைய மனிதரை வந்தடைகிறது; அவர் வழியாகவே மற்றவர்களைச் சேருகிறது. 1944இல் இதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 1955இல் ஈலிஹு காட்ஸ் என்ற சீடரும் சேர்ந்து இன்னொரு புத்தகமாக விரித்தார்கள். ‘இரண்டு படி ஓட்டம்’ என்று இதற்குப் பெயர். வெகுஜனத் தொடர்பு சாஸ்திரத்துக்கே இது ஓர் அஸ்திவாரம் என்று கரும்பலகையில் ஆசிரியை படம் வரைந்து காட்டினார்: மேலே பத்திரிகை, நடுவில் ஒரு சிறிய மனிதர், கீழே பல சிறிய மனிதர்கள்.

பெரியப்பா, அந்த நடு மனிதர் தாங்கள்தான். காலை ஆறரை மணிக்கு டீக்கடை பெஞ்சில் தினமணியை விரித்து, தலையங்கத்தை உரக்க வாசித்து, ஒவ்வொரு பாராவுக்கும் ஒரு வியாக்கியானம் சொல்லி, எதிர் பெஞ்சிலிருந்து சின்ன மாமா எழுப்பும் ஆட்சேபணைகளை அவ்வப்போது நிர்மூலமாக்கி, எங்கள் தெருவுக்கு உலக சமாசாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் தாங்கள்தான். ஓஹையோவில் ஒரு கோஷ்டி அவ்வளவு சிரமப்பட்டுக் கண்டுபிடித்த அந்த உண்மையை, பால் வாங்கப் போன சாக்கில் நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். அதைத் திரும்பக் கேட்பதற்காக அப்பா கட்டியிருக்கும் சம்பளத்தை நினைத்தபோது அன்று எனக்கு லேசாகத் தலை சுற்றியது.

ஸ்டிராண்ட் வீதி வழியாக நடக்கும்போது சில சமயம் புஷ் ஹவுஸ் என்ற பெரிய கட்டடத்தின் எதிரே நின்றுவிடுகிறேன். 2012இல் பிபிசி அதைக் காலி செய்துவிட்டது. தாத்தா ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு ரேடியோவின் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு ‘லண்டன்’ என்று கேட்டதெல்லாம் அங்கிருந்து வந்த தமிழ்க் குரல்தான். 1941இல் ஆரம்பமான அந்தத் தமிழோசை வானொலி 2017 ஏப்ரலில் நின்றது. லண்டனில் நின்றுகொண்டு தமிழில் ஒருவர் செய்தி சொல்லக் கேட்க முடியவில்லையே என்று ஒரு நாள் அங்கே எனக்குத் துக்கமாக இருந்தது, மழையும் பெய்துகொண்டிருந்தது, குடையை அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

இப்படி இருக்கையில், தங்கள் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில், “இப்போதெல்லாம் கடைக்குப் போவதில்லை, எவன் கேட்கிறான், எல்லார் கையிலும் போன்” என்று தாங்கள் குறுக்காக எழுதியிருந்ததைப் படித்தேன். இது சரியல்ல. போனில் வருகிற செய்திக்கு வியாக்கியானம் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? பொய்ச் செய்தி ஒன்று வந்தால், “அட, இது போன வருஷமே வந்த புரளியப்பா” என்று சொல்லி அதை அந்த இடத்திலேயே நிறுத்துவதற்கு எந்தப் போனில் ஆள் இருக்கிறது? சின்ன மாமா தமக்கு வருவதையெல்லாம் அப்படியே நம்பி எனக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார். நேற்றுக்கூட, திருமயம் கோட்டையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கிவிட்டதாக ஒன்று வந்தது. தாங்கள் பெஞ்சில் இருந்திருந்தால் அது கடையைத் தாண்டி வெளியே வந்திருக்குமா?

ஆகவே, கடைத்தெருவில் கேட்கிறவர்களிடம், டீக்கடையில் பத்திரிகை வாசிப்பது எப்படி என்பதைப் படிக்கத்தான் பிள்ளை சீமைக்குப் போயிருக்கிறான் என்று தைரியமாகச் சொல்லிவிடுங்கள். அது மிகையே அல்ல, என் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு அதைத்தான் விஷயமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன், அவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஜூன் மாதம் நோட்டுப் புத்தகத்தோடு நான் ஊருக்கு வருவேன். அப்போது அந்த பெஞ்சில் ஆள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குப் பட்டமில்லை, அப்பாவுக்குப் பத்திரமில்லை. தயவுசெய்து நாளைக் காலையிலிருந்தே கடைக்குப் போக ஆரம்பியுங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் புதுக்கோட்டைக்குப் போய்க் கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள். பணம் நான் அனுப்புகிறேன். சின்ன மாமாவையும் தாங்களே கூப்பிட்டு எதிரில் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி மகன்