சிப்பிப்பாறைக்குச் சீப்பு எதற்கு? – ஒரு கரிசல் ஆராய்ச்சி

நாய்க்குச் சீவிவிடும் முறை பற்றிய நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு நாய்களை முன்னால் நிறுத்தி எழுதப்பட்டவை. அந்த நாய்களுக்கு மேலே நீண்ட ரோமமும் அடியில் பஞ்சு போன்ற உள்ரோமமும் உண்டு. சீவாவிட்டால் சிக்குப் பிடிக்கும். கோவில்பட்டி வட்டாரத்துச் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய மூன்றுக்குமோ தோலோடு படிந்த குட்டை முடிதான். சித்திரை வெயிலில் முயல் விரட்டிய பரம்பரைக்கு அதற்கு மேல் துணிமணி ஆகாது. கடையில் தொங்கும் கம்பிப்பல் பிரஷ்ஷை இவற்றின் முதுகில் இழுத்தால் தோல்தான் சிராய்க்கும். எனவே, கரிசல் காட்டில் நாயைப் பேணும் கருவி விரலே, சீப்புக்கு இங்கே வேறு உத்தியோகம் என்பதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல் சான்று சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறது. 1941-இல் ஜார்ஜ் தெ மெஸ்திரல் என்ற பொறியாளர் ஆல்ப்ஸ் மலையில் உலாவித் திரும்பியபின், தம் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த வெல்க்ரோ 1955-இல் காப்புரிமை பெற்றது. அவர் கன்னி நாய் வளர்த்திருந்தால் நுண்ணோக்கியை எடுக்கவே வேலை இருந்திருக்காது. கரிசல் வரப்பிலும் நாயுருவி விதைக்குக் குறைவில்லை. ஆனால் குட்டை முடியில் பிடிமானம் கிடைக்காமல் அது பின்னால் வருகிறவரின் வேட்டியைப் பற்றிக்கொள்கிறது. இரண்டாம் சான்று மண். கரிசலில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரில்லனைட் என்ற களிக்கனிமம் ஈரத்தில் உப்பி ஒட்டும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். முகத்தில் பூசப் பாக்கெட்டில் விற்கும் முல்தானி மட்டியும் இதே இனத்துக் களிதான். எண்ணெய்ப் பிசுக்கை உறிஞ்சும். ஐப்பசி மழையில் அப்பிய சேறு காய்ந்ததும் நாய் ஒரு உதறு உதறினால் அழகுநிலையக் காரியம் செலவில்லாமல் முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது கால்விரல் இடுக்கில் கட்டிபட்ட மண். அங்கே சீப்பு நுழையாது. ஈரத்துணி சுற்றிய விரல் நுழையும்.

சீவினால் தோலின் எண்ணெய் உடம்பெங்கும் பரவி முடி மினுங்குமே என்பார்கள். உண்மை, ஆனால் உள்ளங்கையால் முடியின் போக்கில் அழுத்தித் தடவினாலும் அதே பலன்தான். அடுத்த ஆட்சேபம் உண்ணி. உண்ணி தங்குமிடங்கள் காதுமடிப்பும் கழுத்தும் விரலிடுக்கும். முதுகில் வழுக்கியோடும் பிரஷ் இவற்றில் பாதியைத் தொடுவதே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து தலையில் பேன் பார்ப்பது போலத்தான் இதையும் பார்க்க வேண்டும். கண்டதும் நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் தடவக் கூடாது. சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், நாயைப் பார்த்து முடித்தவர் சுவரையும் பார்த்தாக வேண்டும். சுவரைச் சீவச் சொல்லும் அறிஞர் இன்னும் தோன்றவில்லை. ஊரில் லாப்ரடாரும் பொமரேனியனும் பெருகிவிட்டனவே என்போருக்குப் பதில் சுருக்கம்: அவற்றுக்கு உள்ரோமம் உண்டு, தாராளமாகச் சீவுங்கள். குளிர்நாட்டு முடிக்குக் குளிர்நாட்டுச் சட்டம் பொருந்தும்.

மிச்சமிருக்கும் ஆட்சேபமே வலுவானது. குட்டை முடியும் கொட்டத்தானே செய்கிறது? கொட்டுகிறது, நீளமில்லாததால் ஊசிபோல் துணியில் குத்தி நிற்கவும் செய்கிறது. 2005-இல் அஞ்சல்தலையில் ஏறிய ராஜபாளையத்தின் வெள்ளை முடி கறுப்புப் பேண்ட்டையும், கன்னியின் கருமுடி வெள்ளை வேட்டியையும் தேடிப் போகின்றன. உதிர்ந்த முடி எதிர்நிறத் துணியையே நாடும் என்று இதை விதியாக்கலாம். ஆக, முடி பிரச்சினையாவது நாயின் மேல் இருக்கும்வரை அல்ல, வளர்ப்பவர் மேல் வந்த பிறகு. ஆகவே பிரஷ் வாங்குவதை இவ்வாய்வு தடுக்கவில்லை. வாங்கியவர் கல்யாண வீட்டுக்குக் கிளம்புமுன் அதைத் தம் வேட்டியில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வதே முறை.