கூரை மேல் ஒரு வாழை

கேள்வி: ‘செம்பர்விவம்’ என்றால் லத்தீனில் ‘என்றும் உயிரோடிருப்பது’ என்று பொருளாம். ஆனால் ஒருமுறை பூத்ததுமே அது செத்துவிடுகிறதே! பெயர் வைத்தவர் பொய் சொல்லிவிட்டாரா?

பதில்: வாழையைக் கேளுங்கள், சொல்லும்! குலை தள்ளிய மரம் சாய்கிறது; பக்கக் கன்று நிமிர்கிறது. இந்தச் செடியும் அந்த ஜாதிதான். தடித்த இலைகள் ரோஜாப்பூ இதழ்போல் வட்டமாக அடுக்கியிருக்கும். அடியிலிருந்து தொப்புள்கொடி மாதிரி சின்னத் தண்டு நீளும். அதன் நுனியில் பொத்தான் அளவுக்கு ஒரு குட்டி ரோஜா. தாய்க்கு ஆயுசு சில வருஷம்தான். நடுவிலிருந்து தண்டு எழும்பி இளஞ்சிவப்பாகப் பூத்ததும் அது காய்ந்துபோகும். அதற்குள் சுற்றிலும் பிள்ளைகள் வேர்விட்டிருக்கும்.

முழுப்பெயர் ‘செம்பர்விவம் டெக்டோரம்’. 1753இல் லின்னேயஸ் வைத்தது. ‘டெக்டோரம்’ என்றால் ‘கூரைகளுடைய’. ஐரோப்பிய மலைச்செடியான இது, ஓட்டு இடுக்கில் கிடைக்கும் பிடி மண்ணிலேயே பிழைத்துக்கொள்ளும். கூரையில் இது இருந்தால் இடி விழாது என்று அங்கே நம்பினார்கள். அதனால் ‘ஜூபிடரின் தாடி’ என்றொரு பெயரும் உண்டு. ஜூபிடர் இடிக்கு அதிபதியாயிற்றே! தோட்டக்காரர் தம் வீட்டுக் கூரையில் இதை வளர்க்க வேண்டும் என்று பேரரசர் சார்லமேன் காலத்து ஆணையே இருக்கிறது.

இடியைத் தடுக்குமோ என்னவோ, பனியையும் வறட்சியையும் அசராமல் தாங்கும். நம் ஊர் ரணகள்ளிக்கு இது ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் ஒரே குடும்பம். ரணகள்ளிக்கு இலை விளிம்பிலேயே பிள்ளை முளைக்கும்!