மர்க்கடமா, மார்ஜாரமா? ஸ்ரீரங்கத்துக் கார் சித்தாந்தங்கள் குறித்து ஓர் ஆய்வு

நுவல்பொருள்: திருச்சிராப்பள்ளியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவிலும் உறையும் கார் ரசிகர்களின் கருத்துகள் எங்கிருந்து பிறக்கின்றன என்பது. காரை ஓட்டிப் பார்த்ததிலிருந்து பிறக்கின்றன என்பர் பாமரர். அது பொருந்தாது. என்னை? மிக உறுதியான கருத்துடையோர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் வந்து இறங்குகின்றனர்.

ரசிகர் இலக்கணத்தை முதலில் வரையறுத்துக்கொள்வோம். கார் வாங்கப் போகிறவர் ரசிகர் அல்லர். வாங்கப் போகிறவரைத் தடுப்பவரே ரசிகர். ஆய்வுக் களம் உத்திர வீதித் திண்ணைகளும், ராஜகோபுரத்துக்கு இப்பாலுள்ள காபிக் கடைகளும். புள்ளிவிவரம் எதுவும் சேகரிக்கவில்லை. சேகரித்தால் முடிவை மாற்ற வேண்டி வரலாம்.

கோட்பாட்டுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. உயிரை இறைவன் காப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு வைணவத்தின் இரு கலையாரும் இரண்டு உவமை சொல்லிப் பல நூற்றாண்டாக வாதிட்டு வருகின்றனர். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். இது வடகலையாரின் மர்க்கட நியாயம். பூனைக் குட்டி சும்மா கிடக்கும். தாய் வந்து கவ்வி எடுத்துப் போகும். இது தென்கலையாரின் மார்ஜார நியாயம். வேதாந்த தேசிகரும் பிள்ளை லோகாசாரியரும் வாழ்ந்த இவ்வூரில் இன்று நடக்கும் கார் வாதமும் அதுவே என்பது நம் துணிபு. விபத்தில் ஆளைக் காப்பது ஓட்டுபவரின் பிடியா, வண்டியின் கவ்வலா? இவ்வொரு கேள்விக்கு ஒருவர் தரும் விடை தெரிந்தால், அவருடைய மற்றக் கருத்துகள் அத்தனையையும் அவர் வாய் திறக்குமுன் நாமே சொல்லிவிடலாம். (திருமண்ணைப் பார்த்து வண்டியை ஊகிக்கலாகாது. இரு கலையாரும் இரு கட்சியிலும் உளர்.)

மர்க்கடக் கட்சியின் ஆதி வாகனம் மாருதி 800. பெயரே வாயுபுத்திரன் பெயராதலால் மேற்கொண்டு சான்று வேண்டா. 1983 டிசம்பர் 14 அன்று 47,500 ரூபாய்க்கு வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. ஆளைக் காப்பேன் என்று அது ஒருநாளும் வாக்குத் தரவில்லை, பெட்ரோலைக் காத்தது. இக்கட்சியார் கேட்கும் கேள்விகள் இரண்டே: "மைலேஜ் எவ்வளவு குடுக்குது? வித்தா என்ன போகும்?" இடித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், "ஏன் ஓய் இடிக்கிறீர்?" என்பதே விடை.

மார்ஜாரக் கட்சி திரண்டது 2018 டிசம்பரில். டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிற்று. இந்தியாவில் தயாராகி இங்கே விற்கும் கார் ஒன்று ஐந்து வாங்கியது அதுவே முதன்முறை. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் நாற்பது சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி மோதவிடுவது அச்சோதனை. 2020 நவம்பரில் மாருதி எஸ்-பிரெஸ்ஸோ அதே சோதனையில் பூஜ்யம் வாங்கியபோது மார்ஜாரர் காபிக் கடையில் அடைந்த மகிழ்ச்சி, அவர்தம் வீட்டில் பேரன் பிறந்தபோதும் அடையாதது.

இனி இத்துறையின் மாபெரும் குழப்பத்துக்கு வருவோம். 2024 நவம்பரில் புதிய மாருதி டிசையர் அதே நிறுவனத்தின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டது. குரங்கு பூனையாயிற்று. கட்சிகள் கலைந்திருக்க வேண்டும் அல்லவா? கலையவில்லை; வசனத்தை மாற்றிக்கொண்டன. "ஸ்டார்ல என்ன சார் இருக்கு? கதவைச் சாத்திப் பாருங்க" என்றார் நெக்ஸான்காரர். "சேஃப்டிதான் முக்கியம்னு நாங்க அன்னிக்கே சொன்னோமே" என்றார் மாருதிக்காரர். சான்று வந்ததும் கருத்து இடம் மாறிற்றே ஒழிய ஆள் மாறவில்லை. கருத்து அனுபவத்தின் விளைவன்று, சம்பிரதாயத்தின் விளைவு என்ற நம் துணிபு இதனால் பெறப்படும்.

அந்தக் கதவைப் பற்றித் தனியே ஆராய வேண்டும். விசிஷ்டாத்வைதம் ஏற்கும் பிரமாணங்கள் மூன்று: பிரத்யட்சம், அனுமானம், சப்தம். கார் ரசிகர் கடைசி ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். கதவைச் சாத்தினால் 'டப்' என்றால் தகரம். 'தொம்' என்றால் இரும்பு. 'தொம்' என்று சொல்லிச் சற்று மௌனம் காத்தால் ஜெர்மன். அம்மௌனம் பெரும்பாலும் கதவோரத்து ரப்பர் பட்டையாலும், கதவுக்குள் ஒட்டும் அதிர்வடக்கும் தாள்களாலும் வருவது. மோதலுக்கும் அதற்கும் உறவு கிடையாது. இதைச் சொன்ன இளம் பொறியாளர் ஒருவரை அதன்பின் யாரும் காபிக்கு அழைப்பதில்லை.

இவ்விடத்துத் திருவெறும்பூர் உரையாசிரியரையும் குறிப்பிட வேண்டும். பெல் ஆலையில் உயர் அழுத்தக் கொதிகலன் செய்து ஓய்வுபெற்றவர் இவர். எந்தக் கார் வந்தாலும் முன் மட்கார்டை விரல் முட்டியால் தட்டுவார். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்று அறிந்ததும் வருத்தத்தோடு தலையசைப்பார். காரின் முகப்பு நசுங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது, மோதலின் விசையை அது தின்றுவிடும், ஆள் அமரும் கூண்டு மட்டும் கெட்டியான எஃகில் நசுங்காமல் நிற்கும் என்று விளக்கினோம். முழுதும் கேட்டுவிட்டு, "நசுங்கறதுக்குன்னே ஒரு பொருளைச் செய்வாங்களா, சார்?" என்றார். வாழ்நாள் முழுதும் எதுவும் நசுங்காமல் பார்த்துக்கொண்டவரிடம் இதற்கு மேல் வாதிடுவது அறமாகாது. பொன்மலைப் பணிமனையார் கருத்து இன்னும் சுருக்கம். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்து அனுப்பிய இடமாதலால், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினை அவர்கள் இன்ஜின் என்றே கொள்வதில்லை.

சஸ்பென்ஷன் ஆய்வுக்கு இவ்வூருக்கென்று பொதுக்கூடம் ஒன்று இருந்தது: 1976-ல் திறந்த காவிரிப் பாலம். அதன் இணைப்பு இடைவெளிகள்தோறும் எல்லாக் கார்களும் சம நீதியோடு குதித்தன. முதியோர் சிலர் மட்டும் அம்பாசடரில் போனால் அவை தெரியவே தெரியா என்பர். அம்பாசடர் என்பது பழைய மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் மறுபிறவி. பின்னால் லாரி போல் ஸ்பிரிங் பட்டை. உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை செய்தார்கள். அதில் எல்லாமே அதிர்ந்ததால் பாலம் அதிர்ந்ததைத் தனியே பிரித்தறிய முடியாமற் போயிருக்கலாம். 2022-23ல் பல மாதம் பாலத்தை மூடிப் பழுது பார்த்தபின் ஆய்வுக்கூடம் தன் தரத்தை இழந்தது.

தொழில் போக்குகளுக்கு வருவோம். 2006 மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்குத் தீர்வையைக் குறைத்தது. பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் இருக்க வேண்டும். 2008-ல் வந்த டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012-ல் வந்த இரண்டாம் டிசையர் 3,995. டிக்கி குறுகிற்று. இலங்கையில் வாலுக்குத் தீ வைத்தார்கள். தில்லியில் வாலுக்கு வரி வைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகைச் சிறு கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இரு கலையாருக்கும் இடையே மரபில் சொல்லும் பேதங்களும் பதினெட்டே. தொடர்பு இல்லைதான், ஆயினும் இதைக் குறிப்பிடாமல் விடுகிறவர் ஆய்வாளர் ஆகார்.

எஸ்யூவி மோகத்துக்கு வல்லுநர்கள் வருமானம், சாலை, அந்தஸ்து எனப் பல காரணம் காட்டுவர். முட்டிவலியை ஒருவரும் காட்டுவதில்லை. தாழ்ந்த காரில் மடிசாரோடு அமர்ந்து எழும் அறுபது வயது மாமியைக் கவனித்தால் சந்தை விளங்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் சான்ட்ரோவை உச்சி உயர்ந்த பெட்டி என்று ரசிகர்கள் நகைத்தனர். மாமிகள் நகைக்கவில்லை; குனியாமல் ஏறினர்.

ஃபோர்டு அடியார்கள் தனிப் பிரிவு. 2021 செப்டம்பரில் அக்கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலைநகர் ஆலை மறு ஆண்டு ஓய்ந்தது. இவர்கள் விரக தாபத்தில் இருப்பதால் பேட்டி எடுக்கவில்லை. மின்சாரக் காரைப் பற்றி இங்கே ஒரே வினாதான்: வீதியில் நிற்கும் காருக்கு, திண்ணையையும் நிலைப்படியையும் தாண்டி வயர் இழுத்தால், இரவில் அதில் தடுக்கி விழப்போவது யார்?

மார்ஜார நியாயத்தின் உச்சம் அடாஸ். 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700-ல் வந்தபின் ஊரார் வாயிலும் புழங்குகிறது. கார் தானே கோட்டுக்குள் நிற்கும், தானே பிரேக் போடும், பரிபூரண சரணாகதி. சமயபுரம் சுங்கச்சாவடி தாண்டும்வரை குறையில்லை. ஊருக்குள் நுழைந்ததும் எதிர்த்திசையில் ஒருவர் வருவார். கார் பதறி நிற்கும். வருபவர் நாம் முதலில் சொன்ன டிவிஎஸ் எக்ஸ்எல் ரசிகர். இறங்கி வந்து, இந்த வண்டியில் என்ன கோளாறு என்று விளக்குவார்.

இரு கட்சியாரும் ஒருமிக்க வணங்கும் வாகனம் ஒன்று உண்டு. சித்திரை வீதிகளில் வரும் தேர். புது மாடல் இல்லை, தள்ளுபடி இல்லை, மைலேஜ் கேட்பார் இல்லை. கார் ஆலை இல்லாத இந்த மாநகரம் தேர்த் துறையில் பின்தங்கவும் இல்லை: திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது திருச்சி பெல் ஆலைதான். தொண்ணூற்றாறு அடி உயரத் தேர், இன்று பிரேக் போட்டால் நிற்கிறது. இதைத் திருவெறும்பூர்க்காரர் பெருமிதத்தோடு எடுத்துரைத்தபோது கடையில் எல்லோரும் உடன்பட்டனர். அவ்வுடன்பாடு ஒரு காபி ஆறும் நேரம் நீடித்தது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரை நிறுத்துவது மனிதன் பிடி, ஆகவே மர்க்கடம். ஹைட்ராலிக் பிரேக் வண்டியே தன்னைக் காப்பது, ஆகவே மார்ஜாரம் என்றார் நெக்ஸான்காரர்.

"அந்தப் பிரேக்கை யார் ஓய் அமுக்கறது?" என்றார் மாருதிக்காரர்.